ஹார்பர் போலீஸ் ஆகணுமா? எந்த வாசல், எந்தச் சான்றிதழ்?

2025 மார்ச் 31-ஆம் தேதி கன்னியாகுமரியில் ஒரு நீண்ட சைக்கிள் பயணம் நிறைவடைந்தது. குஜராத்தின் லக்பத்திலிருந்து ஓர் அணி, மேற்கு வங்கத்தின் பக்காலியிலிருந்து இன்னோர் அணி. மொத்தம் 125 பேர், அதில் 14 பேர் பெண்கள். நாட்டின் இரு கடற்கரைகளையும் ஒட்டி 6,553 கிலோமீட்டரை 25 நாளில் மிதித்து நம்ம குமரிமுனைக்கு வந்து சேர்ந்தார்கள். இவர்கள் மத்திய தொழில் பாதுகாப்புப் படையினர். சுருக்கமாக சி.ஐ.எஸ்.எஃப். தூத்துக்குடி, சென்னை, எண்ணூர் என்று பெரிய துறைமுகங்களின் வாசலில் காக்கி உடையில் நிற்பவர்கள் இவர்கள்தான்.

குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம், சின்னமுட்டம் என்று கடலையே முற்றமாகக் கொண்ட மாவட்டம் நம்முடையது. "எனக்கும் ஹார்பர் போலீஸ் ஆகணும்" என்று இங்குள்ள பிள்ளைகள் சொல்வதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் ஒன்றை முதலிலேயே தெரிஞ்சுக்கணும். "ஹார்பர் போலீஸ்" என்று ஒரே ஒரு வேலை கிடையாது. ஒரே ஒரு தேர்வும் கிடையாது. வெவ்வேறு வாசல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வயது வேறு, உயரம் வேறு, கேட்கிற சான்றிதழும் வேறு. எந்த வாசல் என்று தெரியாமலே ஓடி ஓடி, வயது வரம்பு தாண்டிய பிறகு விசாரிப்பதுதான் பெரிய நஷ்டம். அதைத் தவிர்க்கத்தான் இந்தக் கட்டுரை.

துறைமுகத்தை யார் யார் காக்கிறார்கள்?

தமிழ்நாட்டில் மூன்று பெருந்துறைமுகங்கள் உள்ளன: சென்னை, எண்ணூரில் உள்ள காமராஜர் துறைமுகம், தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகம். தூத்துக்குடி 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. நமக்குப் பக்கத்தில் இருப்பதும் அதுதான். இந்தத் துறைமுகங்களின் உள்வளாகப் பாதுகாப்பு சி.ஐ.எஸ்.எஃப். கையில் இருக்கிறது.

ஒரு கன்டெய்னர் லாரி வாசலுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுநரின் நுழைவு அனுமதியையும் வண்டி எண்ணையும் ஆவணங்களையும் சரிபார்ப்பது சி.ஐ.எஸ்.எஃப். பெட்டிக்குள் இருக்கும் சரக்குக்கு வரி, தடை, கடத்தல் சம்பந்தமான சோதனை சுங்கத்துறையின் வேலை. வாசலில் ஒருவர் திருட்டுப் பொருளோடு பிடிபட்டால், அவரைக் கைது செய்யவும் சோதனையிடவும் சி.ஐ.எஸ்.எஃப். சட்டம், 1968 அதிகாரம் தருகிறது. ஆனால் வழக்குப் பதிவு செய்வது அவர்கள் அல்ல. பிடித்தவரைத் தாமதிக்காமல் உள்ளூர் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். வழக்கு, விசாரணை எல்லாம் மாநிலக் காவல்துறையின் பொறுப்பு.

கரையோரக் கடல் தமிழ்நாடு காவல்துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் பொறுப்பில் வருகிறது. கன்னியாகுமரியிலும் குளச்சலிலும் அதற்குக் காவல் நிலையங்கள் உள்ளன. அதற்கு அப்பால் இந்தியக் கடலோரக் காவல்படை ரோந்து வரும். பெயரில் "காவல்" இருந்தாலும் அது போலீஸ் அல்ல. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ஆயுதப்படை.

குளச்சல், சின்னமுட்டம் போன்றவை மீன்பிடித் துறைமுகங்கள். அங்கே சி.ஐ.எஸ்.எஃப். கிடையாது. எல்லை தாண்டி விழிஞ்ஞத்தில் 2025 மே 2-ஆம் தேதி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட கன்டெய்னர் துறைமுகம், கேரள அரசும் தனியார் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கியது. ஆகவே "பக்கத்திலே போர்ட் வந்தாச்சு, போலீஸ் வேலை வரும்" என்று யாராவது சொன்னால், எந்தப் படை, எந்தத் தேர்வு என்று திருப்பிக் கேளுங்கள்.

இவ்வளவு காவல் எதற்கு?

2001-இல் அமெரிக்காவில் நடந்த செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2002 டிசம்பரில் கப்பல், துறைமுகப் பாதுகாப்புக்கான விதித்தொகுப்பு ஒன்றை ஏற்றது. 2004 ஜூலை 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. வெளிநாட்டுக் கப்பல் வரும் ஒவ்வொரு துறைமுகமும் அதன்படி மூன்று பாதுகாப்பு நிலைகளுக்குத் தயாராக இருக்க வேண்டும். முதல் நிலை அன்றாடக் காவல். இரண்டாவது, ஆபத்து கூடியிருக்கும்போது. மூன்றாவது, தாக்குதல் நடக்கலாம் என்று திட்டவட்டமான தகவல் வரும்போது. நிலை உயர உயர, வாசலில் சோதனை இறுகும், ஆட்கள் நடமாட்டம் குறையும். இந்த விதியைப் பின்பற்றாத துறைமுகத்திலிருந்து வரும் கப்பலை மற்ற நாடுகள் சந்தேகத்தோடுதான் பார்க்கும். அதனால் வாசலில் நிற்கிற ஒரு காவலரின் கவனக்குறைவு, சரக்கு அனுப்புகிற வியாபாரி வரைக்கும் போய்ச் சேரும்.

2008 நவம்பர் 26 மும்பைத் தாக்குதல் நம் மீனவர்களுக்கும் நேரடியாகச் சம்பந்தப்பட்டது. தாக்கியவர்கள் ஒரு மீன்பிடிப் படகைக் கைப்பற்றி, அதில்தான் கரையை நெருங்கினார்கள். மீனவர்களுக்கு அடையாள அட்டை, படகுகளுக்குத் தனி நிறம், கூடுதல் கடலோரக் காவல் நிலையங்கள், "சாகர் கவாச்" ஒத்திகை என்று அதற்குப் பிறகு வேகம் எடுத்த ஏற்பாடுகளை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

முதல் வாசல்: சி.ஐ.எஸ்.எஃப். காவலர்

பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கான வாசல் இது. ஒன்றிய அரசின் பணியாளர் தேர்வு ஆணையம், அதாவது எஸ்.எஸ்.சி., நடத்தும் "கான்ஸ்டபிள் ஜி.டி." தேர்வு வழியாகப் போக வேண்டும்.

- வயது: 18 முதல் 23 வரை. ஓ.பி.சி. பிரிவினருக்கு 3 ஆண்டும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 5 ஆண்டும் தளர்வு உண்டு.
- உயரம்: ஆண்கள் 170 செ.மீ., பெண்கள் 157 செ.மீ. பழங்குடியினருக்குத் தளர்வு உண்டு. ஆண்களுக்கு மார்பளவு 80 செ.மீ., மூச்சிழுக்கும்போது 5 செ.மீ. விரிய வேண்டும்.
- எழுத்துத் தேர்வு: கணினி வழி. 80 கேள்வி, 160 மதிப்பெண், 60 நிமிடம். தவறான விடைக்கு மதிப்பெண் குறையும்.
- ஓட்டம்: ஆண்கள் 5 கி.மீ. தூரத்தை 24 நிமிடத்திலும், பெண்கள் 1.6 கி.மீ. தூரத்தை எட்டரை நிமிடத்திலும் முடிக்க வேண்டும்.
- சம்பளம்: ஊதிய நிலை 3. அடிப்படை ஊதியம் 21,700 முதல் 69,100 ரூபாய் வரை. படிகள் தனி.
- கட்டணம்: 100 ரூபாய். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், முன்னாள் படைவீரர்களுக்குக் கட்டணம் இல்லை.

"இந்தி தெரியாதே" என்று தயங்க வேண்டாம். 2024 முதல் இந்தத் தேர்வு இந்தி, ஆங்கிலம் தவிர 13 மாநில மொழிகளிலும் நடக்கிறது. தமிழும் உண்டு, மலையாளமும் உண்டு. விளவங்கோடு பக்கம் மலையாள வழியில் படித்தவர்களுக்கு இது பெரிய வசதி. மொழிப் பாடப் பகுதி மட்டும் ஆங்கிலம் அல்லது இந்தியில் இருக்கும்.

என்.சி.சி.யில் இருந்தீர்களா? 'ஏ' சான்றிதழுக்கு 2 சதவீதம், 'பி'க்கு 3, 'சி'க்கு 5 சதவீதம் கூடுதல் மதிப்பெண் கிடைக்கும். 160-இல் 5 சதவீதம் என்றால் 8 மதிப்பெண். அலமாரியில் கிடக்கிற அந்தச் சான்றிதழைத் தேடி எடுங்க.

முக்கியமான ஒன்று. இந்த ஒரே தேர்வு எல்லைப் பாதுகாப்புப் படை, மத்திய ரிசர்வ் போலீஸ் படை உட்படப் பல படைகளுக்கும் சேர்த்து நடக்கிறது. எந்தப் படை வேண்டும் என்று விருப்ப வரிசை கேட்பார்கள். துறைமுகம் வேண்டுமென்றால் சி.ஐ.எஸ்.எஃப். முதலிடத்தில் இருக்க வேண்டும். அவசரத்தில் ஏதோ ஒரு வரிசையைக் கொடுத்துவிட்டுப் பிறகு மாற்ற முடியாது. சி.ஐ.எஸ்.எஃப். கிடைத்தாலும் முதல் பணியிடம் துறைமுகமாகத்தான் இருக்கும் என்று உறுதி இல்லை. விமான நிலையம், மெட்ரோ, கூடங்குளம் போன்ற அணுமின் நிலையம் என்று எங்கும் அனுப்பலாம். இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும் போகத் தயார் என்ற மனசு வேணும்.

பட்டதாரிகளுக்கு இன்னும் இரண்டு வழிகள் உண்டு. எஸ்.எஸ்.சி. நடத்தும் சி.பி.ஓ. தேர்வு வழியாக உதவி ஆய்வாளர் ஆகலாம்; வயது 20 முதல் 25, அடிப்படை ஊதியம் 35,400 ரூபாயில் தொடங்கும். யு.பி.எஸ்.சி. நடத்தும் தேர்வு வழியாக உதவி கமாண்டன்ட் ஆகலாம். வயது அதே 20 முதல் 25, தொடக்க ஊதியம் 56,100 ரூபாய்.

பயிற்சி மையம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. அரக்கோணம் அருகே தக்கோலத்தில் உள்ள மண்டலப் பயிற்சி மையத்துக்கு 2025 மார்ச்சில் ராஜாதித்த சோழன் பெயர் சூட்டப்பட்டது. தக்கோலப் போரில் உயிர்விட்ட சோழ இளவரசர் அவர். பெண்களுக்கு இன்னொரு செய்தி: முழுக்கப் பெண்களே கொண்ட முதல் சி.ஐ.எஸ்.எஃப். பட்டாலியனுக்கு ஒன்றிய உள்துறை அமைச்சகம் 2024 நவம்பரில் ஒப்புதல் கொடுத்திருக்கிறது.

இரண்டாம் வாசல்: தமிழ்நாடு காவல்துறை

23 தாண்டிவிட்டதா? கதவு இன்னும் மூடவில்லை. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கு வயது வரம்பு 26. பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு 28. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 31. கல்வித் தகுதி பத்தாம் வகுப்பு.

உயரம் ஆண்களுக்கு 170 செ.மீ., பெண்களுக்கு 159 செ.மீ.; பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு முறையே 167, 157. ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்திலும், பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்திலும் ஓட வேண்டும். அதன் பிறகு ஆண்களுக்குக் கயிறு ஏறுதல், தாண்டுதல், குறுகிய தூர ஓட்டம்; பெண்களுக்குத் தாண்டுதல், எறிதல், குறுகிய தூர ஓட்டம். ஊதியம் 18,200 முதல் 67,100 ரூபாய் வரை.

எழுத்துத் தேர்வில் தமிழ் தகுதித் தாள் ஒன்று உண்டு. 80-க்கு 40 சதவீதம், அதாவது 32 எடுத்தால்தான் அடுத்த விடைத்தாளையே திருத்துவார்கள். எல்லையோரக் கிராமங்களில் மலையாள வழியில் படித்தவர்கள் இதற்கு முன்கூட்டியே தயாராக வேண்டும். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இட ஒதுக்கீடு உண்டு. அதற்குப் பள்ளியிலிருந்து உரிய சான்று வேண்டும்.

விண்ணப்பத்தில் "கடலோரப் பாதுகாப்புக் குழுமம்" என்று டிக் போட இடம் இருக்காது. காவல்துறையில் சேர்ந்து, பிறகு மாறுதலில்தான் அங்கே போக முடியும். கடலும் படகும் பழகிய மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு அந்த அனுபவம் தேர்வில் மதிப்பெண் தராது. ஆனால் ரோந்துப் படகில் ஏறிய பிறகு அதன் அருமை தெரியும்.

பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம், இயற்பியல் படித்த மீனவர் பிள்ளைகளுக்கு இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. கடலோரக் காவல்படை, கடற்படைத் தேர்வுகளுக்குக் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் இலவசப் பயிற்சி நடத்துகிறது. அறிவிப்பு எப்போது என்று மீன்வளத்துறை அலுவலகத்திலோ கடலோரக் காவல் நிலையத்திலோ விசாரியுங்கள்.

ஓட்டத்தில் ஜெயித்து, காகிதத்தில் தோற்க வேண்டாம்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

முதலில் சாதிச் சான்றிதழ். நம்ம மாநிலத்தில் பி.சி., எம்.பி.சி. என்று தரும் சான்றிதழ் எஸ்.எஸ்.சி.க்குப் போதாது. ஒன்றிய அரசு வேலைக்கென்று உள்ள படிவத்தில், கிரீமி லேயரில் வரவில்லை என்று குறிப்பிட்ட ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். மாநிலப் பட்டியலும் ஒன்றியப் பட்டியலும் ஒன்றல்ல. உங்கள் வகுப்பு ஒன்றியப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இது ஏன் முக்கியம்? 22 வயதுக்காரரிடம் இந்தச் சான்றிதழ் இல்லையென்றால் பொதுப் பிரிவில் போட்டியிட வேண்டிவரும். 25 வயதுக்காரரிடம் இல்லையென்றால், வயதுத் தளர்வே போய்விடும். எழுத்துத் தேர்வு, ஓட்டம் எல்லாம் தேறியிருந்தாலும் வீட்டுக்கு வர வேண்டியதுதான்.

அடுத்து இருப்பிடச் சான்று. எஸ்.எஸ்.சி. காவலர் இடங்கள் மாநில வாரியாக ஒதுக்கப்படுகின்றன. தமிழ்நாட்டு இடத்துக்குப் போட்டியிட, நீங்கள் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் என்று வருவாய்த்துறை தந்த சான்று வேண்டும். திருவனந்தபுரம் பக்கம் தங்கிப் படித்தவர்கள், வேலை பார்ப்பவர்கள் இதில் தனிக் கவனம் எடுக்கணும்.

மூன்றாவது, பெயர். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் இன்ஷியல் பின்னால், ஆதாரில் முன்னால், வேறொன்றில் அப்பா பெயர் முழுசாக. சரிபார்ப்பு மேசையில் இது சிக்கலாகும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் இருக்கட்டும்.

இந்தச் சான்றிதழ்களுக்கு இ-சேவை இணையதளத்தில் போனிலிருந்தே விண்ணப்பிக்கலாம். முதல் முறை என்றால் ஆதார், ரேஷன் கார்டு விவரம் கொடுத்து குடிமக்கள் கணக்கு எண் ஒன்று உருவாக்க வேண்டும். ஓ.டி.பி. வரும் என்பதால் ஆதாரில் இருக்கும் செல்போன் எண் நடப்பில் இருக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று கோப்பு நகர நாளாகும். தேர்வு அறிவிப்பு வந்த பிறகு ஓடாமல், இப்போதே போட்டு வையுங்கள். ஒப்புதல் ஆனதும் பி.டி.எஃப். ஆக இறக்கிக்கொள்ளலாம்.

எஸ்.எஸ்.சி. விண்ணப்பத்தில் புகைப்படம் அந்த நேரத்திலேயே கேமராவில் எடுக்கப்படும். கண்ணாடி, தொப்பி இல்லாமல், வெளிச்சமான இடத்தில், வெறும் சுவர் முன்னால் நில்லுங்கள். மங்கலான படத்தால் விண்ணப்பம் தள்ளுபடியாகலாம்.

உடம்பு சொல்வதையும் கேளுங்கள்

5 கி.மீ. என்பது 400 மீட்டர் தடகளத்தில் பன்னிரண்டரைச் சுற்று. 24 நிமிடத்துக்குள் முடிக்க, ஒரு சுற்றை 1 நிமிடம் 55 விநாடிக்குள் ஓட வேண்டும். பெண்களுக்கு 1.6 கி.மீ. நான்கு சுற்று, சுற்றுக்கு 2 நிமிடம் 7 விநாடி. நாகர்கோவில் அறிஞர் அண்ணா விளையாட்டரங்கிலோ ஊர் மைதானத்திலோ போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து இந்த வேகத்தைப் பழகுங்கள்.

ஓடத் தொடங்கும் முன் ஒரு மருத்துவரிடம் கண்ணைக் காட்டுங்கள். சி.ஐ.எஸ்.எஃப். காவலர் பணிக்குக் கண்ணாடி இல்லாமலே ஒரு கண்ணில் 6/6, மற்றதில் 6/9 பார்வை வேண்டும். நிறக்குருடு, தட்டைப் பாதம், முட்டி இடிக்கும் கால்கள், கால் நரம்புச் சுருள் போன்றவை மருத்துவச் சோதனையில் தடையாகும். இரண்டு வருடம் உழைத்த பிறகு தெரிவதைவிட இரண்டாம் நாளிலேயே தெரிவது நல்லது.

உங்கள் மீது காவல் நிலையத்தில் ஏதாவது வழக்கு இருந்தால், அது சின்ன அடிதடியாக இருந்தாலும், படிவத்தில் மறைக்காதீர்கள். பின்னணி விசாரணையில் தெரிந்துவிடும். மறைத்ததே தனிக் குற்றமாகிவிடும். வழக்கின் நிலை என்ன என்று ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

"போர்ட்ல ஆள் எடுக்காங்க, பணம் கட்டு"

வாட்ஸ்அப்பில் இப்படி வந்தால், அது வலை. சி.ஐ.எஸ்.எஃப். காவலர் வேலைக்குத் தேர்வுக் கட்டணம் 100 ரூபாய் மட்டும். அதுவும் அரசு இணையதளத்தில்தான் கட்ட வேண்டும். பயிற்சி டெபாசிட், சீருடைப் பணம், மெடிக்கல் செலவு என்று ஜிபே எண் அனுப்புகிறவர் யாராக இருந்தாலும் மோசடிக்காரர். நகையை அடகு வைத்துக் கொடுக்கும் முன், அறிவிப்பு எந்த அரசுத் தளத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தப் பணத்தை வங்கியிலேயே முடக்க அவ்வளவு வாய்ப்பு இருக்கிறது.

இலவசப் பயிற்சிக்கு நாகர்கோவில் கோணத்தில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தை அணுகலாம். அங்குள்ள தன்னார்வப் பயிலும் வட்டம் போட்டித் தேர்வுகளுக்கு வழிகாட்டுகிறது. பட்டதாரிகள் "நான் முதல்வன்" திட்டத்தின் எஸ்.எஸ்.சி. பயிற்சிக்கான அறிவிப்பையும் கவனியுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

1. உங்கள் வயதை நாள் கணக்கில் எழுதுங்கள். 23-க்கு எத்தனை மாதம் பாக்கி, 26-க்கு எத்தனை என்று பாருங்கள்.
2. உயரத்தைச் சரியாக அளந்து பாருங்கள். 170-க்கு அரை செ.மீ. குறைந்தாலும் குறைவுதான்.
3. இ-சேவையில் இருப்பிடச் சான்றுக்கும், பொருந்தினால் ஓ.பி.சி. சான்றிதழுக்கும் விண்ணப்பியுங்கள்.
4. பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரை ஒப்பிடுங்கள்.
5. எஸ்.எஸ்.சி. தளத்தில் ஒருமுறைப் பதிவை முடியுங்கள். ஆண்டுதோறும் வரம்புகளும் தேதிகளும் மாறலாம். விண்ணப்பிக்கும் முன் அந்த ஆண்டின் அறிவிப்பை முழுசாகப் படியுங்கள்.

ஐந்தையும் முடித்துவிட்டால், மிச்சம் இருப்பது படிப்பும் ஓட்டமும்தான். அது உங்கள் கையில் இருக்கிறது.